செய்தி தருவோருக்கு ஒரு வார்த்தை

1906-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊருக்கு ஒரு மின்சார ரெயில் வந்துகொண்டிருந்தது. ஊருக்கு அருகே பாலத்தில் அது தடம் புரண்டது. பெட்டிகள் தண்ணீரில் விழுந்தன. 50-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த நாளில் விபத்து நடந்தால் ரெயில் கம்பெனிகள் வாயைத் திறப்பதில்லை. நிருபர்களை அண்ட விடுவதும் இல்லை. ஆனால், பென்சில்வேனியா ரெயில் கம்பெனியின் விளம்பர ஆலோசகர் ஐவி லீ வேறு வழியில் போனார். அவர் முன்பு பத்திரிகை நிருபராக இருந்தவர். நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே வரவழைத்தார். அவர் கொடுத்த அறிக்கையை "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை அப்படியே வெளியிட்டது. பத்திரிகைகளுக்குத் தரப்பட்ட முதல் செய்தி அறிக்கை இதுதான் என்று பலர் சொல்கிறார்கள்.

அதே ஆண்டில் லீ பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். தாம் தரும் செய்தி சரியாக இருக்கும். அதைச் சரிபார்க்க விரும்பும் ஆசிரியருக்கு உதவி செய்வேன் என்பதே அந்த வாக்கு.

வாக்கு என்ன ஆயிற்று?

1914-ம் ஆண்டு ஏப்ரலில் கொலராடோவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூடாரங்களில் தங்கியிருந்தார்கள். லட்லோ என்ற இடத்தில் படையினர் சுட்டார்கள். கூடாரங்கள் எரிந்தன. பள்ளத்தில் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

சுரங்க முதலாளி ராக்பெல்லருக்காக லீ அறிக்கைகள் வெளியிட்டார். அவற்றில் தவறான தகவல்கள் இருந்தன. சங்கத் தலைவர்களின் சம்பளத்தைக் கூடப் பல மடங்காகக் காட்டின. விசாரணைக் குழு அவரைக் கேட்டது. கம்பெனி கொடுத்ததைத் தாம் சரிபார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறர் சரிபார்க்க உதவுவேன் என்றவர், தாமே சரிபார்க்கவில்லை!

உடம்பில் பட்டால் அரிக்கும் ஒரு செடிக்கு அமெரிக்கர் வைத்த பெயர் "விஷ ஐவி". எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அந்தப் பெயரையே லீக்குச் சூட்டினார். அது கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

இன்று கம்பெனிகளிலும் அரசாங்க ஆபீசுகளிலும் மக்கள் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். ஊர்ச் சங்கமும் பள்ளிக்கூடமும் கூடப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகின்றன. எல்லோருக்கும் பாடம் ஒன்றே.

என்ன, எங்கே, எப்போது, யார் என்பதை முதல் நாலு வரியில் சொல்லுங்கள். விழா முடிந்த பிறகு அல்ல, முன்பே அனுப்புங்கள். எந்தப் பகுதிக்கு ஏற்ற செய்தியோ, அதைக் கவனிப்பவருக்கே அனுப்புங்கள். படிக்கும் குடும்பத்துக்கு அதனால் என்ன பயன் என்று யோசியுங்கள். பாராட்டு வார்த்தைகளைக் குறையுங்கள். பெயரையும் எண்ணையும் இரண்டு தடவை பாருங்கள். தெரியாததைக் கேட்டால், "விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். தவறு நேர்ந்தால், பிறர் கண்டுபிடிக்கும் முன் நீங்களே திருத்துங்கள்.

ஒரு செய்தி அச்சாகாமல் போனால் நஷ்டம் ஒரு நாளோடு போகும். பொய்ச் செய்தி அச்சானால், அதை நம்பிய குடும்பங்கள் ஏமாறும். அனுப்பியவர் அடுத்த முறை உண்மையே சொன்னாலும் யார் நம்புவார்கள்?