சிங்கிள்டனுக்கு வாரிசு எதற்கு?

சிங்கிள்டன் கிளாஸை இன்ஹெரிட் செய்யலாமா? கூடாது. இது ஜாவாவின் குறை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். பாவம் ஜாவா, அதன் மேல் தப்பில்லை. கேட்பதே முரண்பாடு.

பாரூர் பெரிய ஏரியையே எடுத்துக்கொள்வோம். நெடுங்கல் அணைக்கட்டில் திரும்பும் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து சேரும் ஏரி. அதன் நீர்மட்டத்தைக் கணக்கு வைக்க ஒருவர் புரோகிராம் எழுதுகிறார் என்று வையுங்கள். 'பெரிய ஏரி ஒன்றுதானே' என்று 'ஏரி' கிளாஸையே சிங்கிள்டன் ஆக்கிவிடுகிறார். கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட். உள்ளே ஒரு ஸ்டாட்டிக் மாறி. யார் கேட்டாலும் அதே ஆப்ஜெக்ட். ஜோராக ஓடுகிறது.

அடுத்த மாதம் ஓசூர் ராமநாயக்கன் ஏரியையும் சேர்க்கச் சொல்கிறார்கள். 'ஏரி'யிலிருந்து 'பாரூர் ஏரி', 'ஓசூர் ஏரி' என்று இரண்டு வாரிசுகள் எழுதுகிறார். ஆரம்பித்தது வினை.

முதலில் கம்பைலர் மறுக்கும். கன்ஸ்ட்ரக்டர் பிரைவேட் என்பதால் வாரிசு அதைக் கூப்பிட முடியாது. சரி, புரொடெக்டட் ஆக்கலாம். இப்போது அதே பேக்கேஜில் இருக்கும் எவரும் 'நியூ' போட்டுப் புது ஏரி வெட்டலாம். பூட்டு போயிற்று.

அடுத்து அந்த ஸ்டாட்டிக் மாறி. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து அது ஒன்றே ஒன்றுதான். பாரூர் முதலில் போய் உட்கார்ந்துவிட்டால், ஓசூரைக் கேட்பவர் கைக்கும் பாரூர்தான் வரும். காஸ்ட் செய்தால் ஓடும்போது வெடிக்கும். ஸ்டாட்டிக் மெத்தடை ஓவர்ரைடு செய்யவும் வழியில்லை. பிள்ளைக்கு ஒரு மாறி வைத்தாலோ, இரண்டு ஏரிகள் ஆகிவிட்டன. பிறகு என்ன சிங்கிள்டன்?

'நால்வர் புத்தகத்திலேயே வாரிசு உண்டே' என்பார்கள். காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசைட்ஸ் 1994-ல் எழுதிய டிசைன் பேட்டர்ன்ஸ் சொல்வது வேறு: பல வாரிசுகளில் ஒன்றை மட்டும் தேர்ந்து அந்த ஒற்றை இடத்தில் உட்கார வைக்கலாம். ஆளுக்கொரு சிங்கிள்டன் என்று அது சொல்லவில்லை. நால்வரில் ஒருவரான எரிக் காமாவே 2009-ல் ஒரு பேட்டியில், சிங்கிள்டனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்றார்.

வழி எளிது. 'ஏரி' சாதாரண கிளாஸாகவே இருக்கட்டும். மெயினில் ஒரே ஒரு முறை உருவாக்கி, தேவைப்படும் கிளாஸ்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். டெஸ்டுக்குப் பொய் ஏரி வேண்டுமா, அதையும் அப்படியே கொடுக்கலாம். ஏரிகள் எத்தனை என்பது மெயினுக்குத் தெரிந்தால் போதும். கிளாஸுக்கு எதற்கு அந்தக் கணக்கு?