திரும்பிப் போகாதவர்கள் கேட்கும் கேள்வி

பழவேற்காட்டுக்குப் போனவர்கள் அந்த டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டார்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கும். உள்ளே பூ வேலைப்பாடு செய்த கல்லறைகள். வியாபாரம் செய்ய வந்து, இங்கேயே மண்ணுக்குள் போனவர்கள்.

1610-ல் விஜயநகர மன்னர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கித்தான் டச்சுக்காரர்கள் இங்கே கால் வைத்தார்கள். 1613-ல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. துணியை மட்டுமா ஏற்றினார்கள்? மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றி பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை! கடைசியாக ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது 1825-ல். நடுவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த வருஷங்களைக் கழித்தாலும் நூற்றைம்பது வருஷத்துக்குக் குறையாது இவர்கள் தங்கியது.

சரி, எதற்கு இந்தப் பழங்கதை? விஷயம் இருக்கிறது.

இன்றைக்குக் கூனங்குப்பத்து மீனவர் ஒருவர், நெதர்லாந்தில் வேலை பார்க்கும் தம்பியைப் பார்க்க இரண்டு வாரம் போய்வர விசா கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 90 யூரோ. 2024 ஜூனிலிருந்து இதுதான் ரேட். ரூபாயில் 9,000-க்கு மேல். மறுத்தால் திரும்பக் கிடைக்காது. சில நாளில் அச்சடித்த படிவம் ஒன்று வருகிறது. ஒரு கட்டத்தில் டிக் போட்டிருக்கிறது. விசா முடிவதற்குள் அவர் திரும்பிப் போவார் என்பதில் சந்தேகமாம்!

யார் யாரிடம் கேட்கிற கேள்வி பாருங்கள்.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த உரிமை ஒரு குடும்பத்துக்கு நிலம் மாதிரி. தன் முறை வரும்போது ஆள் ஊரில் இருந்தாக வேண்டும். ஊரோடு இவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்ட மனிதர் ஐ.டி. கம்பெனியில்கூடக் கிடையாது. ஆனால் ஐ.டி.காரரிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது, மீனவரிடம் இல்லை. விசா அதிகாரி பார்ப்பது வேரை அல்ல, காகிதத்தை.

அநியாயம்தான். ஆனால் அநியாயம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் வேலைக்கு ஆகாது. இதற்குப் பிறகு ஊரில் கிடைக்கும் ஆலோசனைகள் இரண்டு. ஒன்று, 'நமக்குக் கொடுத்து வைக்கல, விடு'. இரண்டாவது, ஏஜெண்ட் சொல்வது: 'கணக்குல நாலு லட்சம் ஒரு வாரம் போட்டு எடுத்துடலாம், கம்பெனி லெட்டர் நான் ரெடி பண்றேன், முன்னாடி ரிஜெக்ட் ஆனத எழுதாதீங்க'.

முதல் ஆலோசனை சோம்பேறித்தனம். இரண்டாவது விஷம். திடீரென்று குதித்த நாலு லட்சம், வணிகவியல் முதலாமாண்டு மாணவன் கண்ணுக்கே தெரியும். விசா அதிகாரிக்குத் தெரியாதா? ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் பழைய மறுப்பு பதிவாகி இருக்கும், மறைக்க முடியாது. பிரிட்டனில் பொய் ஆவணம் கொடுத்துச் சிக்கினால் பத்து வருஷம் வரை தடை. ஏஜெண்டுக்கு என்ன நஷ்டம்? அவர் அடுத்த ஆளைப் பார்ப்பார்.

அப்படியென்றால் என்னதான் செய்வது?

முதலில் அந்தக் கடிதத்தைப் படிக்க வேண்டும். ஷெங்கன் விசா சட்டத்தின் 32-வது பிரிவுப்படி காரணத்தைச் சொல்லியாக வேண்டும், மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. நெதர்லாந்துக்கு நாலு வாரத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம். ஆனால் எல்லா நாடும் ஒன்றல்ல. ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் அந்த மறுபரிசீலனையை நிறுத்திவிட்டது, இனி நீதிமன்றம்தான். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு மேல்முறையீடே கிடையாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நெதர்லாந்து மறுத்த இரண்டு விசாக்கள் பற்றிய வழக்கில் 2020 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதையும் கேளுங்கள். வேறொரு உறுப்பு நாடு ஆட்சேபித்ததால் மறுத்தால், அது எந்த நாடு, என்ன காரணம் என்று சொல்லியாக வேண்டும். வழக்குப் போட்டவர்கள் ஒரு எகிப்தியரும் ஒரு சிரியரும். சும்மா இருந்திருந்தால் கிடைத்திருக்குமா?

இரண்டாவது, காகிதத்தை உண்மையாகவே உண்டாக்க வேண்டும். மீன் விற்ற ரொக்கத்தை வீட்டிலேயே வைக்காமல் வாராவாரம் வங்கியில் போட்டாலே ஆறு மாதத்தில் ஒரு வரலாறு சேரும். வரி வரம்புக்குக் கீழே வருமானம் இருந்தாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யலாம். படகுப் பதிவு, கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, மீனவர் அடையாள அட்டை, தடைக்கால நிவாரணம் வந்த வங்கிப் பதிவு எல்லாமே சாட்சிதான். பாடு உரிமை பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்கலாம். டிக் போட்ட கட்டத்துக்கு நேர் பதில் அதுதான்.

பழைய மறுப்பை மறைக்கவும் தேவையில்லை. முன்பு மறுத்தார்கள் என்பதற்காக மட்டும் மறுபடி தானாக மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 21-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அதே காகிதங்களோடு மறுபடி போனால் இன்னொரு 90 யூரோ ஏரியில் போட்ட கல்.

இவ்வளவும் செய்தும் மறுக்கலாம். செய்யாமல் விட்டால் அந்தச் சந்தேகத்துக்கு மீனவரே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். திரும்பி வருவாரா என்ற கேள்விக்கு அவருடைய பதில் ஏரியில் இருக்கிறது. கேட்டவர்களின் முன்னோர் கொடுத்த பதிலோ, கடைத்தெரு ஓரம் கல்லறைத் தோட்டத்தில் இன்னும் கிடக்கிறது!