நேர்ச் சாலை நல்ல சாலைதானா?

வளைந்து நெளிந்து செல்லும் மலைப்பாதையைக் கண்டால் நமக்கெல்லாம் அச்சம். நேராகச் செல்லும் அகன்ற சாலையைக் கண்டால் நிம்மதி. "இனிக் கவலையில்லை" என்று இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறோம். ஆனால் லாரி ஓட்டும் என் தாய்மாமா இதற்கு நேர்மாறாகச் சொல்வார். "மலைப்பாதையில் ஒரு நாளும் எனக்குக் கண் சொக்கினதில்லை பாப்பா. சொக்கினதெல்லாம் நேர் ரோட்டில்தான்" என்பார். இதை முதலில் நான் வேடிக்கைப் பேச்சு என்றே எண்ணினேன். நீண்ட நேர்ச் சாலைகளைப் பற்றிப் படித்த பின்னரே அதிலுள்ள உண்மை எனக்குப் புலப்பட்டது.

உலகின் மிக நீண்ட நேர்ச் சாலைகளுள் ஒன்று ஆஸ்திரேலியாவில் உள்ளது. அந்நாட்டின் தென்பகுதியில் நல்லர்பார் என்னும் பரந்த சமவெளி இருக்கிறது. 'மரம் இல்லாதது' என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது. 1841-ஆம் ஆண்டில் எட்வர்டு ஜான் அயர் என்பவர், வைலி என்னும் பழங்குடி இளைஞரின் துணையோடு, தண்ணீருக்குத் தவித்தபடியே அப்பகுதியைக் கடந்தார். இன்று அவர் பெயரைத் தாங்கிய அயர் நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. 1976-இல் அது முழுவதும் தார்ச்சாலை ஆயிற்று. இச்சாலையில் பல்லடோனியா, கைகுனா என்னும் இரு இடங்களுக்கு இடையே 146.6 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சென்றாலும், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய தேவையே இராது.

இதில் என்ன ஆபத்து என்று கேட்கலாம். வேலை இல்லாமையே ஆபத்து! கண்ணெதிரே ஒரே காட்சி, காதில் ஒரே இரைச்சல், கையில் ஒரே பிடி என்றிருந்தால் மனம் மெல்ல மந்தமாகிறது. கண் திறந்திருக்கும், கருத்து விழித்திராது. கடந்து வந்த ஊர்கள்கூட நினைவில் நிற்பதில்லை. இதனை நெடுஞ்சாலை மயக்கம் என்கிறார்கள். மேலும், நெடுநேரம் ஒரே வேகத்தில் சென்றவருக்கு அவ்வேகம் குறைவாகவே தோன்றும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் ஓடிவிடும். நான்கே விநாடி கண் அயர்ந்தால் போதும். நம் விளையாட்டு விழாவின் நூறு மீட்டர் ஓட்டப் பந்தயத் தூரத்தையும் தாண்டி, ஓட்டுவார் இல்லாமலே அந்த வண்டி ஓடியிருக்கும்!

ஆஸ்திரேலியர்கள் இதற்குச் செய்த ஏற்பாடு ஒன்று என்னைக் கவர்ந்தது. 2009-இல் அந்நெடுஞ்சாலை வழியே 1,365 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு கோல்ப் மைதானத்தை அமைத்தார்கள். ஊருக்கு ஒன்றும், வழியிலுள்ள தங்குமிடங்களுக்கு ஒன்றுமாக, அதன் 18 குழிகளும் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் பயணி இறங்கி, சற்று நடந்து, பந்தை அடித்துவிட்டு மீண்டும் ஏறுகிறார். விளையாட்டாகவே அவருக்கு ஓய்வும் விழிப்பும் கிடைத்துவிடுகின்றன.

நம் நாட்டிலும் இப்போது நெடிய விரைவுச் சாலைகள் வந்துவிட்டன. 165 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனை விரைவுச் சாலை 2012-இல் திறக்கப்பட்டது. நாக்பூரிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் 701 கிலோமீட்டர் சாலை, 2022 டிசம்பர் முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, 2025 ஜூனில் முழுமை பெற்றது. இவை வளர்ச்சியின் அடையாளங்களே, நான் மறுக்கவில்லை. ஆனால் இத்தகைய சாலைகளில் ஓடும் மாமாவின் லாரியில் முன்பு உடன் சென்ற கிளீனர் இப்போது இல்லை. பேச்சுத் துணைக்கும் ஆள் கிடையாது. சரக்கு குறித்த நேரத்தில் சேராவிட்டால் வாடகையில் பிடித்தம் உண்டு. அவர் வடக்கே போயிருக்கும் இரவுகளில், அவருடைய தொலைபேசி அழைப்பு வரும்வரை அத்தை உறங்குவதே இல்லை.

"தூங்கியது ஓட்டுநரின் குற்றம்" என்று சொல்லிவிடுவது எளிது. அவருக்குப் பொறுப்பு இல்லை என்று நானும் கூறமாட்டேன். ஆனால் ஓய்வு கொடாமல் ஓட்டச் சொன்னவருக்குப் பங்கில்லையா? 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை என்றும், ஐந்து மணி நேரத்திற்குள் அரைமணி ஓய்வு தர வேண்டும் என்றும் அன்றே வகுத்தது. ஏட்டில் எழுதிய ஓய்வு, சாலையில் செல்லும் மனிதனின் கண்ணுக்கு எட்ட வேண்டாமா?

ஆகவே, சாலை அமைப்போர் வேகத்தை மட்டும் கருதாமல், ஆங்காங்கே மென்மையான வளைவுகளையும், லாரிகளை நிறுத்திக் குளித்து உறங்க வசதியுள்ள இடங்களையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். வண்டி உரிமையாளர்கள் ஓய்வு நேரத்தையும் பயண நேரத்தில் ஒரு பகுதியாகக் கணக்கிட வேண்டும்.

தோழியரே, நமக்கும் ஒரு கடமை உண்டு. கடந்த ஆண்டு சுற்றுலா முடிந்து இரவில் திரும்பியபோது, பாடிக் களைத்த நாம் அனைவரும் உறங்கிவிட்டோம். நமக்காக ஒருவர் மட்டும் விழித்திருந்தார். அடுத்த முறை நம்மில் ஒருவராவது முன்னிருக்கையில் அமர்ந்து அவரோடு பேசிக்கொண்டு வருவோம். "தேநீருக்கு நிறுத்தட்டுமா?" என்று அவர் கேட்டால், "நேரமாகிறது" என்று சொல்லாதிருப்போம். "நிறுத்துங்கள் அண்ணா, நாங்களும் இறங்குகிறோம்" என்போம். அந்தப் பத்து நிமிடத் தாமதத்தை நம் வீட்டார் பொறுத்துக்கொள்வார்கள்.