தூக்கிப் போடச் சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு

"பழைய புரொஜெக்‌ஷன் டிவியா? தூக்கித் தெருவில் வை, புதுசு வாங்கு." அமெரிக்காவில் யாரைக் கேட்டாலும் வருகிற பதில் இதுதான். கேட்க ஏதோ புத்திசாலித்தனம் போலத் தெரியும். கொஞ்சம் நோண்டினால் வெறும் சோம்பேறித்தனம்!

அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? பழைய ரகத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னப் பிக்சர் டியூப்கள். மூன்றும் போடும் படங்கள் கண்ணாடியில் பட்டு, திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி விழவேண்டும். பொருத்தும் வேலை கன்வர்ஜென்ஸ் ஐ.சி.க்களுடையது. சூட்டிலேயே கிடப்பவை அவை. சில வருடத்தில் ஐ.சி. போகும், இல்லை சால்டர் விட்டுப்போகும். உடனே எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நிழல், வில்லாக வளையும் நீலக் கோடு... பார்ப்பவர் "டிவியே போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார். டியூப் மூன்றும் நன்றாகத்தான் இருக்கும்!

ஐ.சி.யை மாற்றி, பக்கத்து ரெசிஸ்டர்களையும் ஃபியூஸையும் சோதித்து, ஹீட் சிங்க்கில் புதுப் பேஸ்ட் தடவி, சர்வீஸ் மெனுவில் மூன்று நிறத்தையும் மறுபடி பொருத்தினால் வேலை முடிந்தது. 2000களில் அங்கே எத்தனையோ பேர் இதை வீட்டிலேயே செய்தார்கள். உதிரிச் செலவு சில பத்து டாலர். டிவி வாங்கிய விலையோ ஆயிரக்கணக்கில்.

இங்கேதான் கணக்கு வருகிறது. தேய்மானம் கழித்துக் கழித்துப் புத்தகத்தில் மதிப்பு பூஜ்ஜியமானால் பொருள் செத்துவிட்டதா? போட்ட காசு போகட்டும். இனி எவ்வளவு செலவாகும், அதற்கு எத்தனை வருடம் உழைக்கும்? கேள்வி இவ்வளவுதான். பி.காம். படிக்கிற எவருக்கும் தெரிந்த பாடம். தூக்கிப் போடுவதும் இலவசமில்லை. டியூப் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. அந்தச் செலவு ஊரார் தலையில்!

"ஆபத்தாச்சே?" என்பார்கள். ஆமாம், ஆபத்துதான். டியூபுக்குப் போவது 30,000 வோல்ட் அளவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். டியூபைக் குளிர்விக்கும் திரவத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர் உள்ளே கை வைக்கவே கூடாது. ஆனால் எங்கே கை வைக்கக்கூடாது என்று சொல்வதும் சர்வீஸ் மேனுவல்தானே? அதை மறைத்துவிட்டு ஆபத்து என்று பயமுறுத்துவது என்ன நியாயம்?

"புது டிவி மலிவு, கரண்டும் மிச்சம்." உண்மை. டியூபே தேய்ந்துபோன பெட்டிக்கு விடை கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் எது பழுது, பாகம் என்ன விலை என்று தெரிந்த பிறகு உரிமையாளர் எடுக்கவேண்டிய முடிவு அது.

சோனி 2007இல் இந்த ரகத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. கடைசியாக 2012இல் மிட்சுபிஷியும் விட்டது. கதை முடிந்ததா? இல்லை. இன்றைய எல்.இ.டி. டிவியில் சத்தம் வரும், படம் இருட்டாக இருக்கும். டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரியும். பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் உள்ள விளக்குப் பட்டை மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். அதையும் தூக்கித்தான் போடுகிறார்கள்!

கலிபோர்னியாவில் 2024 ஜூலையில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. 2021 ஜூலைக்குப் பிறகு வந்த, மொத்த விலை 100 டாலரும் அதற்கு மேலும் உள்ள டிவி போன்ற பொருட்களுக்கு, தயாரிப்பு நின்ற பிறகும் 7 வருடம் உதிரியும் மேனுவலும் தரவேண்டும். பழைய புரொஜெக்‌ஷன் பெட்டிகளுக்கு இது காலம் கடந்த கஞ்சி. இப்போது வீட்டில் ஓடுகிற டிவிக்கும் அதே கதி வரவேண்டுமா?

இனி யாராவது தூக்கிப் போடச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: எந்தப் பாகம் போச்சு, அதன் விலை என்ன? பதில் தெரியாதவருக்கு அந்த யோசனை சொல்ல யோக்கியதை இல்லை.