"எந்த ஊரு, யாரு மவ?"ன்னு கேக்குறதுக்குப் பேரு இன்டர்வியூ இல்ல

ஒப்பந்த ஸ்டாஃப் நர்ஸ் எடுக்க முதல் தடவையா உங்களை பேனல்ல உக்கார வைக்கிறாங்களா டாக்டர்? தென்காசிப் பக்கம் நானும் சமீபத்துல உக்காந்தேன். அந்தக் கடுப்புலதான் எழுதுறேன்.

முகவரி விண்ணப்பத்துலயே இருக்கு. அப்புறம் எதுக்கு "எந்த ஊரு, எந்தத் தெரு?" நம்ம பக்கம் தெருவைச் சொன்னா சாதி தெரிஞ்சிரும். அதுக்குத்தான். "கல்யாணம் எப்போ?"ன்னு பையன்கள்ட்ட யாரும் கேக்கிறதில்ல.

"பதட்டத்தைக் குறைக்கத்தான் கேட்டோம்"பாங்க. அதுக்கு, குற்றாலத்துல தண்ணி விழுதான்னு கேளுங்களேன்!

கேக்க வேண்டியது இது: ராத்திரி 2 மணி. வயல்ல பாம்பு கடிச்சு, கால்ல கயிறு கட்டி ஒருத்தரைத் தூக்கிட்டு வர்றாங்க. டாக்டர் வேற கேஸ்ல. என்ன பண்ணுவீங்க?

மூச்சு, நாடி, பிபி பார்ப்பேன். டாக்டருக்குச் சொல்லுவேன். கயிறை டக்குனு அவுக்க மாட்டேன். கண்ணாடி டியூப்ல 2 மி.லி. ரத்தம் எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வைப்பேன். ஒவ்வொண்ணுக்கும் மார்க். எல்லாருக்கும் இதே கேள்வி.

புதுசு ஒண்ணுமில்ல. டண்டீ பல்கலைக்கழகத்துல ஹார்டனும் குழுவும் 1975-ல எழுதின ஓஸ்கிதான். ஒரே ஸ்டேஷன், ஒரே செக்லிஸ்ட். நமக்கு அப்படி மார்க் போட்டா நியாயம், நர்ஸுக்கு மட்டும் "முகத்தைப் பார்த்தாலே தெரியும்"ஆ?

2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசு குரூப் சி பணிகளுக்கு இன்டர்வியூவையே எடுத்துருச்சு. திறன் தேர்வு மட்டும் வைக்கலாம். நம்மால கேள்வியையாவது மாத்த முடியாதா?

இன்னொண்ணு. சீனியர் "இந்தப் பொண்ணு ஓகே"ங்கிறதுக்கு முன்னாடியே ஆளாளுக்குத் தனித்தனியா மார்க்கை எழுதிருங்க.