ஆய்வேடு முடிய வேண்டும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் முன்பெல்லாம் பிள்ளைகளின் படிப்பு என்றால் டாக்டர், இன்ஜினீயர், சி.ஏ. என்று மூன்று வாசல்கள்தான். இப்போது எம்.பி.எச். என்று சொல்லப்படும் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பும் சேர்ந்திருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய விஷயம். பொதுச் சுகாதாரத்துக்கென்றே கல்கத்தாவில் 1932-ல் ஒரு அகில இந்திய நிறுவனம் தோன்றியது. திருவனந்தபுரத்தில் அச்சுத மேனன் மையம் 1997-ல் எம்.பி.எச். படிப்பை ஆரம்பித்தது. இன்று டில்லி, மும்பை உட்படப் பல நகரங்களில் இதைப் படிக்கலாம்.

ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு மேடு இருக்கிறது. அதுதான் ஆய்வேடு. பரீட்சைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இங்கே வந்து நின்றுவிடுகிறார்கள். "இன்னுமா எழுதி முடிக்கவில்லை?" என்று வீட்டிலும் நச்சரிப்பு தொடங்குகிறது. சோம்பலே காரணம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. பல சமயம், எடுத்துக்கொண்ட கேள்வி அளவுக்கு மீறிப் பெரியதாக இருப்பதே காரணம்.

"டில்லிக் குழந்தைகளின் ஊட்டச்சத்து" என்பது கேள்வி அல்ல, சமுத்திரம். "இந்தப் பேட்டையில் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவும் கொடுக்கிறார்களா, தாமதமானால் ஏன்?" என்பது கேள்வி. சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று நம் பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கு மட்டுமல்ல, ஆய்வேட்டுக்கும் பொருந்தும்.

சின்னக் கேள்வி என்றால் அற்பக் கேள்வி என்று அர்த்தமில்லை. சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தின் முதல் பெரிய ஆய்வு கேட்டது ஒரே வரிதான்: நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்த முடியுமா, சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டுமா? 1959-ல் விடை வெளிவந்தது. வறுமையும் நெருக்கடியும் உள்ள வீடுகளிலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் பலன் ஏறக்குறைய சமம்தான் என்றது. அது மாணவர் செய்த வேலையல்ல, பல நிறுவனங்கள் கூடிச் செய்தது. ஆனாலும் கேள்வி ஒரு வரியில் அடங்கியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு பழக்கம் நூற்றுக்கு 50 பேரிடம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். விடை 5 புள்ளி முன்பின் போகலாம் என்றால், எளிய குலுக்கல் முறையில் சுமார் 385 பேரைக் கேட்டால் போதும். 3 புள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று இறுக்கினால் சுமார் 1,070 பேர் வேண்டும். தினம் எட்டு வீடு ஏறி இறங்கினால் முதலாவது ஏழு வாரத்தில் முடியும், இரண்டாவது நாலரை மாதம் இழுக்கும். இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே வழிகாட்டிப் பேராசிரியரோடு உட்கார்ந்து போட்டுவிட வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கும் நாட்களை ஒதுக்கியாக வேண்டும். அனுமதி வரும் முன் ஒருவரிடம்கூடக் கேள்வி கேட்கக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்கின்றன. இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பலம் இருக்கிறது. தாராவி போன்ற இடங்களில் வீட்டில் தமிழே பேசும் தாய்மார்கள் உண்டு. ஹிந்தியிலோ மராட்டியிலோ கேட்டால் மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார்கள். "இணை உணவு எப்போது?" என்று புத்தகத் தமிழில் கேட்டாலும் விழிப்பார்கள். "பருப்பு சாதம் பிசைஞ்சு ஊட்ட எப்ப ஆரம்பிச்சீங்க?" என்றால் உடனே பதில் வரும். கேள்விப் பட்டியலையும் சம்மதப் படிவத்தையும் முதலில் வீட்டில் பாட்டியிடம் படித்துக் காட்டட்டும். பாட்டிக்குப் புரியாத வாக்கியம் படிவத்தில் இருக்க வேண்டாம். முறையான மொழிபெயர்ப்புச் சோதனைக்கு இது மாற்றல்ல, நல்ல தொடக்கம்.

"பட்டத்துக்காகத்தானே, எதையாவது நிரப்பிக் கொடுத்தால் போகிறது" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னாளே ஒரு தாய், அவளுக்கு என்ன பதில்? பாதியில் நின்ற ஆய்வேடு அவளுடைய வார்த்தையை அலமாரியில் பூட்டி வைக்கிறது. போலியாக நிரப்பியது அவள் சொல்லாததைச் சொன்னதாக்குகிறது. இரண்டுமே அவளுக்குச் செய்யும் துரோகம்தான்.

ஆகவே மாணவர்களுக்கு என் யோசனை: கேள்வியைச் சுருக்குங்கள், சொன்ன தேதியில் முடியுங்கள். முடித்தபின், கண்டதை இரண்டே பக்கத்தில் அந்த மக்களின் மொழியில் எழுதி, அந்தப் பேட்டை அங்கன்வாடியிலும் கொடுங்கள். பெற்றோருக்கு: அந்தச் சில மாதங்கள் கல்யாணப் பேச்சையும் வேலைப் பேச்சையும் சற்றே தள்ளி வையுங்கள். "எப்போது முடியும்?" என்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு எத்தனை வீடு போனாய், என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள்.