துப்பாக்கி காவல் நிலையத்தில், பன்றி கொல்லையில்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டால் பெரம்பலூர், அரியலூர் பக்கம் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி ஒன்று வரும். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆட்சியர் கேட்டுக்கொண்டிருப்பார். இதைக் கண்டித்து ஒரு கட்சி அறிக்கை விட்டு நான் பார்த்ததில்லை. சொன்ன நாளில் துப்பாக்கி போகும். வாக்கு எண்ணி முடித்துச் சில நாளில் திரும்பி வரும்.

துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு என்ற இதே விஷயம் அமெரிக்காவில் பதவிகளைக் காவு வாங்கியிருக்கிறது. கொலராடோ மாநிலத்தின் அரோரா திரையரங்கில் 2012 ஜூலையில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து 2013-ல் அந்த மாநிலம் கொண்டுவந்த கட்டுப்பாடுகளில் முக்கியமானவை இரண்டு: எல்லாத் துப்பாக்கி விற்பனையிலும் வாங்குபவரின் பின்னணியை விசாரிப்பது, ஒரு தோட்டாப் பெட்டியில் 15-க்கு மேல் கூடாது என்பது. அந்த செப்டம்பரிலேயே செனட் தலைவர் ஜான் மோர்ஸையும் செனட்டர் ஏஞ்சலா ஹிரோனையும் தொகுதி மக்கள் வாக்களித்துத் திருப்பி அழைத்துவிட்டார்கள். மோர்ஸ் தோற்றது சில நூறு வாக்குகளில். மூன்றாமவரான ஈவி ஹுடாக், தன்மீதும் அந்த வாக்கெடுப்பு வருமுன் தானே விலகினார்.

நம்மூரில் ஏன் அப்படி எதுவும் நடப்பதில்லை? துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குறைவு என்பது முதல் காரணம். 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த உரிமங்கள் ஏறத்தாழ 33.7 லட்சம். அதில் உத்தரப் பிரதேசத்தின் பங்கு 12.7 லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டுக்கு 22,500 சொச்சம். ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க 2019-ல் மசோதா வந்தபோது வடக்கே எதிர்ப்பு கிளம்பியது. இரண்டு என்று விட்டுக்கொடுத்து நிறைவேற்றினார்கள். தமிழ்நாட்டில் டீக்கடைப் பேச்சாகக்கூட அது வரவில்லை.

தமிழக அரசியலைத் துப்பாக்கி உலுக்கியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் காயமடைந்த எம்.ஜி.ஆர்., கழுத்தில் கட்டோடு சுவரொட்டியில் நின்றார், பரங்கிமலையில் வென்றார். பேச்செல்லாம் அந்தக் கட்டைப் பற்றித்தான், உரிமச் சட்டத்தைப் பற்றியல்ல. அரியலூர் மாவட்டத்துக்கே வேறொரு நினைவு உண்டு. 1987 செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில் வங்கிக் கொள்ளையின்போது, ஆயுதப் போராட்டத்தை நம்பிய தமிழ்த் தேசியவாதி தமிழரசனும் தோழர்களும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஆயுதம் ஏந்திய அரசியலுக்கு இந்த மண்ணில் எழுதப்பட்ட முடிவு அது. அதற்குப் பிறகு இங்கே துப்பாக்கி என்றால் காவல் துறையின் விவகாரம். கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன.

ஒப்படைக்கும் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் இரண்டாவது காரணம் தெரியும். வங்கிக் காவலர்களுக்கும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. எல்லாரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காமல், ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அடங்கிய குழு ஒவ்வொருவராகப் பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும் என்பதே தேர்தல் ஆணையத்தின் நெறி. தன் பெயரை அந்தக் குழு பரிசீலித்ததா என்று கேட்கத் தெரிந்தவர் கேட்பார். ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் நரிக்குறவர் கேட்கமாட்டார்.

பெரம்பலூர் மாவட்டத்தின் எறையூரிலும் காரையிலும் நரிக்குறவர் குடியிருப்புகள் உண்டு. தோளில் துப்பாக்கியோடுதான் அவர்களைச் சினிமா காட்டியது. ஊரும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. பிழைப்பு ஊசிமணி, பாசிமணிக்கு மாறியது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2023 ஜனவரியில்தான் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பக்கத்து மாநிலத்தில் குடகு இனத்தவருக்குத் துப்பாக்கி வைத்திருக்க உரிமமே தேவையில்லை. வெள்ளையர் காலத்தில் கிடைத்த அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருக்கிறது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. குடகர் கும்பிடும் துப்பாக்கி பண்பாடு. நரிக்குறவர் சுமந்த துப்பாக்கி வழக்கு. நரிக்குறவருக்கும் அதே விலக்கைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. துப்பாக்கி குறைவாக இருக்கும் மாநிலம் என்பது நமக்கு நல்லதுதான். ஆனால், விலக்கு யாருக்குக் கிடைத்திருக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் அரசியல் பலம் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இத்தனை காலம் வாக்குப் பெட்டிக்கு வெளியே நின்ற துப்பாக்கி இப்போது வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. காட்டுப்பன்றிதான் அந்த வாசல்.

பெரம்பலூர், மாநிலத்தில் மக்காச்சோளம் மிகுதியாக விளையும் மாவட்டங்களில் ஒன்று. மானாவாரிக் கொல்லையில் புரட்டாசியில் விதைத்தால் மார்கழியில் கதிர் முற்றும். கதிர் பால் பிடிக்கும் நாளிலிருந்தே பன்றி வர ஆரம்பித்துவிடும். தின்பதைவிடச் சாய்ப்பது அதிகம். ஓரத்தில் பழைய சேலைகளைக் கட்டுகிறார்கள், வெடி போடுகிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். இரண்டு நாள் பயந்த பன்றி மூன்றாம் நாள் சேலைக்கு அடியில் நுழைந்துவிடும். மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டங்களில் பன்றிப் பேச்சு எழுவது வழக்கமாகிவிட்டது.

இங்கேதான் சட்டம் விவசாயியோடு கண்ணாமூச்சி ஆடுகிறது. 1959-ன் ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்புக்காக உண்மையாகவே வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்டால் உரிமம் கொடுக்க வேண்டும் என்கிறது, ‘கொடுக்கலாம்’ என்றல்ல. வனவிலங்குச் சட்டமோ அதே துப்பாக்கியால் பன்றியைச் சுட்டால் குற்றம் என்கிறது. 2022-ன் திருத்தத்துக்குப் பிறகு காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வனத் துறை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. ஆக, பயிரைக் காக்க அரசே உரிமம் கொடுத்த துப்பாக்கியால் வானத்தைப் பார்த்துத்தான் சுட முடியும்.

சுட முடியாதவர்கள் எல்லாரும் சும்மா இருந்துவிடுவதில்லை. சிலர் மின்கம்பியை இழுக்கிறார்கள், சிலர் தீனிக்குள் வெடி மறைத்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள். மாடும் நாயும் கடித்து வாய் சிதறுகின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்கத் திருட்டுத்தனமாகக் கொடுத்த மின்சாரத்தில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவுசெய்யத் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. ராத்திரியில் கம்பத்திலிருந்து கொக்கி போடுகிறவர் பதிவுசெய்துவிட்டா போடுவார்? துப்பாக்கியைப் பூட்டி வைத்துவிட்டோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும் வேளையில், அதைவிடக் குருட்டுத்தனமான ஆயுதம் வரப்பில் கிடக்கிறது. துப்பாக்கிக்கு முன்னால் நிற்பது பன்றியா ஆளா என்று பார்க்க ஒரு கண்ணாவது இருக்கும்.

கேரளம் 2022 மே மாதம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அனுமதி தரும் அதிகாரத்தை ஊராட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. அங்கே வனவிலங்குப் பிரச்சினை ஆட்சியை அசைக்கும் அரசியல். 2025 ஜூனில் நிலம்பூர் இடைத்தேர்தல் பிரச்சாரத்தின் நடுவே, பன்றிக்கு வைத்த மின்பொறியில் ஒரு சிறுவன் இறந்தது பெரும் விவாதமானது. தொகுதியை ஆளும் அணி இழந்தது. காரணம் அது ஒன்றுதான் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அதற்குப் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டார்கள்.

தமிழக அரசு வேறு வழியில் போனது. அப்போதைய வனத் துறை அமைச்சர் க.பொன்முடி 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவித்தார்: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடக் கூடாது, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். சுடுவது வனத் துறையினர், விவசாயி அல்ல.

விசை வனத் துறையின் கையில் இருப்பதே சரி என்பது என் கருத்து. கேரள வழி நமக்கு ஒத்துவராது. உரிமத் துப்பாக்கி சொற்பமாக உள்ள மாவட்டத்தில் அந்த முறை வந்தால், கள்ளத் துப்பாக்கிதான் முதலில் பெருகும். அனுமதி கொடுக்க ஊராட்சித் தலைவரும் வேண்டுமே! இவ்விரு மாவட்டங்களிலும் 2019 இறுதியில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அமைச்சரின் பன்றி அறிவிப்பு அதே வாரத்தில் வந்தது. கொல்லைக்கு ஆள் அனுப்பச் சொல்லி நச்சரிக்க வேண்டிய பிரதிநிதி, தேவைப்பட்ட நேரத்தில் பதவியில் இல்லை.

கிலோமீட்டர் கணக்கும் காகிதத்தில்தான் அழகு. பச்சைமலை அடிவாரத்திலும் வெண்பாவூர்க் காப்புக்காட்டின் ஓரத்திலும் நிலம் வைத்திருப்பவர் முதல் கிலோமீட்டருக்குள் இருக்கிறார். பன்றி முதலில் வருவது அவர் கொல்லைக்கு. அவருக்கோ சுடவும் வழியில்லை, பிடிக்கவும் வழியில்லை. இழப்பீட்டு மனு மட்டுமே மிச்சம்.

இதன் அரசியல் விளைவு கொலராடோவைப் போல இருக்காது. இங்கே திருப்பி அழைக்கும் வாக்கெடுப்பும் கிடையாது. குன்னத்திலும் பெரம்பலூரிலும் வேட்பாளர் ஓட்டு கேட்டு வரும்போது களத்துமேட்டில் ஒரு கேள்வியாகத்தான் அது வந்து நிற்கும்: பன்றிக்கு என்ன செய்தீர்கள்? ஆளும்கட்சியோ எதிர்க்கட்சியோ, ‘துப்பாக்கி உரிமம் வாங்கித் தருகிறேன்’ என்று அந்த இடத்தில் சுலபமான வாக்குறுதி ஒன்றை வீசிவிட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது. அப்படி ஒரு போட்டி தொடங்கினால், இத்தனை காலம் இந்த மாநிலம் கட்டிக்காத்த ஒழுங்கு போய்விடும்.

அதைத் தடுக்க ஒரு வேலையை உடனே செய்யலாம். எத்தனை மனு வந்தது, எத்தனை கொல்லைக்கு வனத் துறை போனது, எத்தனை பன்றி பிடிபட்டது, எத்தனை சுடப்பட்டது என்ற கணக்கை ஒவ்வொரு குறைதீர் கூட்டத்திலும் கிராமவாரியாகப் பலகையில் எழுதி வையுங்கள். அடுத்த மக்காச்சோளம் பால் பிடிக்கும் முன்பே எழுதி வையுங்கள்.